வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளின் அறைக்கு எந்த அலமாரி?

கேள்வி: கடலூரில் எங்களுக்குச் சொந்த வீடு. ஆறு வயது மகளும் இரண்டு வயது மகனும் சேர்ந்திருக்கும் பத்துக்கு ஒன்பது அடி அறையில் ஓர் உடை அலமாரி வைக்க விரும்புகிறோம். கடையில் பொம்மைப் படம் போட்ட மூன்று கதவு அலமாரி ஒன்றைப் பார்த்ததிலிருந்து மகள் வேறு எதையும் ஏற்க மறுக்கிறாள். எங்கள் ஆசாரி ப்ளைவுட்டில் செய்து தருவதாகச் சொல்கிறார். மாமியாரோ ஸ்டீல் பீரோவைப் போல் எதுவும் உழைக்காது என்கிறார். 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போக இயலாது. எதை வாங்கலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வது உண்மைதான், ஆனால் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக்காற்று வீசும் ஊரில் இருப்பதால் அதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். முதலில் மகள் கேட்கும் அலமாரியைப் பார்ப்போம்.

அந்த விலையில் கிடைக்கும் மூன்று கதவு அலமாரி பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டில் செய்ததாகவே இருக்கும். மரச் சில்லுகளையும் தூளையும் பசையோடு கலந்து அழுத்திப் பலகையாக்கி, அதன்மேல் படம் அச்சிட்ட மெல்லிய தாளை ஒட்டியிருப்பார்கள். உலர்ந்த அறையில், ஓரிடத்தில் அசையாமல் நின்றால் இதுவும் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால், அதை மட்டமான பொருள் என்று ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் அதற்கு எமனாக வருவது தரை துடைக்கும் ஈரத்துணிதான். அடிப்பலகையின் வெட்டு முனையை மூட ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை எங்கேனும் ஒரு விரற்கடை பிரிந்திருந்தாலும், அன்றாடம் துடைக்கும் நீர் அதன் வழியே ஏறி, உள்ளிருக்கும் தூள் உப்பி, மேல்தாள் கொப்புளித்து, பின்னர் நகத்தால் சுரண்டினாலே உதிரும் நிலைக்கு வந்துவிடும். ஒருமுறை உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கடைக்கு மறுபடியும் போனால், கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பு குனிந்து, தரையைத் தொடும் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பட்டை ஒட்டாமல் பலகை வெறுமையாக இருந்தால், கதவில் எத்தனை பொம்மை இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது பலவீனம் கீல். குழந்தைகள் கதவைத் திறப்பதோடு நிற்பதில்லை, அதைப் பிடித்துத் தொங்கவும் செய்வார்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகாணி ஒருமுறை பிய்ந்து வந்துவிட்டால், அதே துளையில் மீண்டும் இறுகப் பிடிக்காது. வீடு மாறும்போது கழற்றி மாட்டிய அலமாரிகள் ஆட்டம் காண்பதும் இதனால்தான்.

சொந்த வீடு, கடலோர ஊர், இரண்டு சிறு பிள்ளைகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆசாரி சொல்லும் ப்ளைவுட்டுக்கே என் வாக்கு. ஆனால் ‘ப்ளைவுட்’ என்று மட்டும் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர எண்ணின் கீழ் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரு வகைகள் உண்டு. முன்னது காற்றின் ஈரத்தைத் தாங்குமே தவிர, நேரடியாக நீர் பட்டால் தாங்காது. பின்னது கொதிநீரில் சோதித்த பசையால் ஒட்டியது. மரைன் ப்ளை எனப்படும் ஐ.எஸ். 710 வகை இன்னும் உயர்ந்தது, விலையும் கூடுதல். அலமாரி முழுவதற்கும் அது தேவையில்லை, உடலுக்கு பி.டபிள்யூ.ஆர்., தரைக்கு அருகிலுள்ள அடிப்பலகைக்கு மட்டும் மரைன் ப்ளை என்று பிரித்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் ப்ளைவுட் தாளின் (முழுப்பலகையின்) மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். வெட்டிய பிறகு அது மறைந்துவிடும் என்பதால், தாள்கள் வீட்டுக்கு வந்திறங்கியவுடன் பார்த்துவிடுங்கள். வெட்டு முனையில் அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். திருகாணி பிடிக்காத இடம் அதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்தரை அடி உயரம், நான்கடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இரு பிள்ளைகளுக்குப் போதும். பக்கப் பலகைகள் இரண்டும் சேர்த்து பதினாறரை சதுர அடி, மேலும் கீழும் பன்னிரண்டு, நடுத்தடுப்பு எட்டேகால், இரண்டடி நீளமுள்ள தட்டுகள் ஐந்துக்குப் பதினைந்து, கதவுகளுக்கு இருபத்திரண்டு: ஆக மொத்தம் ஏறக்குறைய 74 சதுர அடி. எட்டுக்கு நான்கு அடித் தாள் ஒன்று 32 சதுர அடி என்பதால், வெட்டுச் சேதாரத்தோடு 18 மி.மீ. தாள் மூன்று வாங்க வேண்டியிருக்கும். முதுகுக்கு 6 மி.மீ. தாள் ஒன்று. ஆசாரி இதைவிட மிக அதிகமாகக் கேட்டால் காரணம் கேளுங்கள். பலகை, சன்மைக்கா, கீல், கைப்பிடி, கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டால், 25 ஆயிரத்தைத் தாண்டும்போது எதைக் குறைக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

குறைப்பதற்கு முதல் இடம் கதவுதான். மேலே பார்த்த கணக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலகை கதவுக்கே போகிறது. அதன்மேல் சன்மைக்கா, கீல் செலவு வேறு. கீழ்ப் பாதியைக் கதவில்லாமல் திறந்தே விட்டு, மேல் பாதிக்கு மட்டும் கதவு போட்டால், செலவு குறைவதோடு, ஆறு வயதுப் பிள்ளை தன் உடையைத் தானே எடுக்கவும் மடித்து வைக்கவும் முடியும். பல்லிக்கும் தூசிக்கும் அஞ்சினால் ஒரு பழைய பருத்திச் சேலையைத் திரையாகத் தைத்துத் தொங்கவிடலாம். அடுத்தது இழுப்பறை. ஒவ்வொரு இழுப்பறையும் தனிப்பெட்டியாகச் செய்யப்பட வேண்டும் என்பதால் பலகையும் கூலியும், அது ஓடுவதற்கான தண்டவாளச் செலவும் கூடும். உள்ளாடைக்கும் காலுறைக்கும் தட்டின் மேல் வைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளே போதும்.

ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களின் சட்டை ஹேங்கரில் தொங்க உள்ளளவு இருபத்திரண்டு அங்குலமாவது வேண்டும் என்பதால் ஆசாரிகள் பழக்கத்தில் இரண்டடி ஆழம் போட்டுவிடுவார்கள். குழந்தைகளின் ஹேங்கர் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலம்தான். மேலும் நம் பிள்ளைகளின் துணியில் மடித்து வைப்பதே அதிகம். தொங்கவிடுவது பள்ளிச் சீருடையும் பட்டுப்பாவாடையும்தான். சிறிய அறையில் மிச்சமாகும் அந்த அரை அடி பிள்ளைகள் நடமாட உதவும். தட்டுகளை ஆணியடித்து நிலையாகப் பொருத்தாமல், பக்கப் பலகையில் வரிசையாகத் துளையிட்டு முளைகளின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். ஹேங்கர் கம்பியை இப்போது மூன்றரை அடி உயரத்தில் வைத்து, பிள்ளைகள் வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். தட்டு எதுவும் இரண்டரை அடிக்கு மேல் தாங்கலின்றி நீள வேண்டாம். துணியின் பாரத்தில் நடுவே தொய்ந்துவிடும்.

கீல்கள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், முழு உயரக் கதவாக இருந்தால் ஒன்றுக்கு மூன்று வையுங்கள். கடலூரில் இதில் மிச்சம் பிடிப்பது வீண். அலமாரி நான்கு அங்குலக் கால்களின் மேல் நிற்கட்டும், துடைப்பமும் ஈரத்துணியும் அடியில் போய்வரும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி வைக்க நேர்ந்தால் ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். புதுப் பலகையிலிருந்து வரும் கண் எரிச்சலூட்டும் நெடி, பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடுடையது. குறைவாக வெளியிடும் இ-1 அல்லது இ-0 வகைப் பலகையைக் கேட்டு வாங்குவதும், வேலை முடிந்ததும் சில வாரங்கள் கதவையும் சன்னலையும் திறந்து வைத்துக் காற்றாட விடுவதும், அதுவரை பிள்ளைகளை வேறு அறையில் உறங்க வைப்பதும் நல்லது.

விலையை விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விடவே கூடாது. இரண்டு வயதுப் பையனுக்குத் திறந்த தட்டும் இழுப்பறையும் ஏணிப்படிகள்தாம். இழுப்பறைப் பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததை அடுத்து 2016இல் ஐகியா அறைகலன் நிறுவனம் அமெரிக்காவில் 2.9 கோடிப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உடைப் பெட்டிகள் கவிழாமல் நிற்பதற்கான விதியைக் கட்டாயமாக்கி அங்கே 2022இல் சட்டமே வந்தது. நம் செங்கல் சுவரில் மேல் முனை இரண்டிலும் எல் வடிவக் கிளாம்ப் வைத்து முடுக்குவது ஆசாரிக்குச் சில நிமிட வேலை. பின்னால் செய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னால், கடைசித் தவணைக் கூலியை அதற்குப் பிறகு கொடுங்கள்.

மகளின் பொம்மைக்கு வழி இருக்கிறது. வெளிப்புறத்துக்கு வெளிர் நிறத்தில் வழவழப்பான சன்மைக்கா போட்டுவிட்டு, அவளுக்குப் பிடித்த ஸ்டிக்கரை அவளையே ஒட்டச் சொல்லுங்கள். பத்து வயதில் அந்தப் பொம்மை அவளுக்கே பிடிக்காமல் போகும்போது உரித்துவிடலாம்.

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். உறவினர் ஒருவர் தம் பழைய ஸ்டீல் பீரோவைத் தருவதாகச் சொல்கிறார். பெயின்ட் அடித்து ஐந்து வயது மகனின் அறையில் வைக்கலாமா? சுவரில் துளையிட வீட்டுக்காரர் அனுமதிக்க மாட்டார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக வைக்கலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு ஸ்டீல் பீரோதான் சரியான துணை. முதலில் அதன் காலையும் அடித்தகட்டையும் பாருங்கள். அங்கே துரு பொத்தலிட்டிருந்தால் வேண்டாம். தகடு 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ., ஆக இருந்தால் நல்ல பீரோ. 22 கேஜ் சுமார் 0.7 மி.மீ.தான். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை, புதிதாக வாங்குகிறவர்களும் நினைவில் வைக்கலாம்.

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், பழைய பெயின்டை வீட்டுக்குள் வைத்து உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. பட்டறைக்கு அனுப்பி, பழையதை நீக்கி பவுடர் கோட்டிங் செய்துவாங்குவதே பாதுகாப்பானது.

பீரோவின் கைப்பிடித் தாழ் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஒளிந்து விளையாடும் வயதுப் பிள்ளை உள்ளே புகுந்து கதவு தாழிட்டுக்கொண்டால் மூச்சுத் திணறிவிடும். ஆகவே பட்டறையிலேயே தாழைக் கழற்றி, உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் காந்தப் பிடிப்பு வைக்கச் சொல்லுங்கள். கதவில் காற்றுத் துளைகளும் போடச் சொல்லுங்கள். முகக்கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துவிடலாம்.

சுவரில் பிணைக்க முடியாத நிலையில், கனமான பொருள்களைக் கீழ்த்தட்டில் வைத்து, முன்கால்கள் இரண்டின் அடியிலும் மெல்லிய கட்டை கொடுத்துச் சுவர்ப்பக்கம் சற்றே சாய்வாக நிறுத்துங்கள். இது பிணைப்புக்கு ஈடாகாது. கிளாம்ப் துளை இரண்டை வீடு காலி செய்யும்போது பூசி அடைத்துத் தருவதாக வீட்டுக்காரரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். குழந்தைக்காக என்றால் பலர் சம்மதிப்பார்கள்.

கேள்வி: குழந்தையின் அலமாரியில் பூச்சி வராமலிருக்க நாப்தலின் உருண்டை போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் ஒருபுறம் இருக்க, ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்துவதே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக் காரணமாகலாம். பச்சிளம் குழந்தைக்குப் பெட்டியிலிருந்து எடுத்த பழந்துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் போர்த்தக் கூடாது என்பதும் இதனால்தான். கற்பூரமும் விழுங்கினால் வலிப்பு வரவழைக்கும் என்பதால் அதுவும் ஒதுக்க வேண்டியதே. காய்ந்த வேப்பிலையையோ நொச்சி இலையையோ மெல்லிய துணியில் முடிந்து, குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணி முழுதாக உலர்ந்த பிறகே அடுக்குங்கள். இஸ்திரி போட்ட சூட்டோடு உள்ளே வைக்கும் சீருடையும் பூஞ்சை நாற்றத்துக்கு இடம் கொடுக்கும்.