ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கேமராவை ஆஃப் செய்ய வேண்டுமா?

கேள்வி கேட்டவர் நிகான் டி3500 வைத்திருக்கிறார். படம் எடுத்ததும் ஆஃப் செய்யாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும், கேமராவும் சூடாகிக் கெட்டுப்போகும் என்று வீட்டில் சொல்கிறார்களாம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்து, அடுத்த படத்துக்கு மறுபடி ஆன் செய்கிறாராம்.

அப்படிச் செய்ய வேண்டாம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும்போது ஆன் செய்யுங்கள், திரும்பப் பையில் வைக்கும்போது ஆஃப் செய்யுங்கள். நடுவில் அந்த ஸ்விட்சைத் தொட வேண்டிய அவசியமே உங்கள் கேமராவில் இல்லை.

காரணம் இதுதான். உங்கள் டி3500 ஒரு டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. அதில் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) வழியாக நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியே வந்த வெளிச்சத்தையே. உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் பட்டு அது உங்கள் கண்ணுக்கு வருகிறது, அதற்கு மின்சாரமே தேவையில்லை. படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினால் சில வினாடிகளில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் தானாக அணைந்துவிடும். ஸ்விட்ச் ஆனில் இருந்தாலும் கேமரா ஏறக்குறைய தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் உடனே விழித்துக்கொள்ளும். ஒரு சார்ஜுக்கு 1550 படம் என்று நிகான் உங்கள் கேமராவுக்குச் சொல்வது இதனால்தான். சூடாவதைப் பற்றிய பயமும் வேண்டாம், தூங்குகிற கேமரா எங்கே சூடாகப் போகிறது!

உங்கள் பேட்டரியைத் தின்பது வேறு. பின்பக்கத் திரையைப் பார்த்துப் படம் எடுக்கும் லைவ் வ்யூ, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பது, வீடியோ, உள்ளேயே இருக்கும் ஃபிளாஷ். இவற்றைக் குறைத்தால் மிச்சமாகும் சார்ஜில் கால்வாசிகூட ஸ்விட்சை ஆஃப் செய்வதால் மிச்சமாகாது என்பது என் அனுபவம்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதே பதிலைச் சொல்ல முடியாது. அதில் கண்ணாடி கிடையாது. நீங்கள் பார்ப்பது ஒரு குட்டித் திரையை. அந்தத் திரை எரிய வேண்டுமானால் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் ப்ராசஸரும் விடாமல் வேலை செய்ய வேண்டும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். 2018-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்-க்குச் சொல்லப்பட்ட கணக்கு சுமார் 370 படம். இந்த எண்ணிக்கை ஜப்பானில் உள்ள சிபா என்ற கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனை முறைப்படி வருவது. 30 வினாடிக்கு ஒரு படம், 10 படத்துக்கு ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் என்று அந்தச் சோதனை போகும். பெருக்கிப் பாருங்கள், 370 படம் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் விழித்திருப்பது. அவ்வளவுதான் விஷயம். மிரர்லெஸ் பேட்டரியைப் படக் கணக்கில் பார்க்கக் கூடாது, நேரக் கணக்கில் பார்க்க வேண்டும். கடகடவென்று தொடர்ச்சியாகச் சுட்டால் அதே பேட்டரியில் 370-ஐத் தாண்டி வெகுதூரம் போகலாம்.

ஆனாலும் அவர்களும் ஸ்விட்சைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மெனுவில் பவர் சேவ் நேரத்தை 30 வினாடி, ஒரு நிமிடம் என்று குறைத்து வைத்தால் போதும், கேமரா தானே தூங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கழுத்தில் தொங்கும்போது வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில், கண் அருகே வந்ததை அறிவதற்காக உள்ள ஐ சென்சார் உங்கள் சட்டையைக் கண் என்று எடுத்துக்கொள்ளும். சில மாடல்கள் இதனால் தூங்காமலே பேட்டரியைக் காலி செய்யும். வெகுநேரம் நடக்கப் போகிறீர்கள் என்றால் அப்போது தாராளமாக ஆஃப் செய்யுங்கள்.

நான் பெரும்பாலும் பறவைகளைப் படம் எடுப்பவன். கிளையில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, தண்ணீரில் பாய்ந்து மீனோடு திரும்பி வருவது ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கேமரா ஆஃபில் இருந்தால் போனது போனதுதான். கூடுதல் பேட்டரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அந்தக் கணத்தை வாங்க முடியாது. குழந்தைகளைப் படம் எடுப்பவர்களுக்கும் இதே நிலைமைதான்.

ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளும் சின்ன காம்பேக்ட் கேமராக்களில், ஒவ்வொரு தடவை ஆன், ஆஃப் செய்யும்போதும் மோட்டார் ஓடுகிறது. அதுவும் பேட்டரிச் செலவு, பல்சக்கரங்களுக்கும் தேய்மானம். ஐந்து நிமிடத்தில் அடுத்த படம் என்றால் ஆனிலேயே விட்டுவிடுங்கள். பாக்கெட்டில் போடும் முன் மட்டும் கட்டாயம் ஆஃப் செய்யுங்கள். உள்ளே தெரியாமல் பட்டன் அழுந்தி லென்ஸ் முட்டிக்கொண்டால் ரிப்பேர் செலவு பெரிது.

அப்புறம், எந்தக் கேமராவாக இருந்தாலும் லென்ஸ் மாற்றும்போதும் பேட்டரியோ மெமரி கார்டோ கழற்றும்போதும் ஆஃப் செய்ய வேண்டும். கார்டில் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் சின்ன விளக்கு அணையும்வரை கார்டு மூடியைத் திறக்கவே கூடாது. ஈஓஎஸ் ஆர் போன்ற சில மிரர்லெஸ்களில் ஆஃப் செய்ததும் சென்சாருக்கு முன்னால் உள்ள ஷட்டர் என்ற மறைப்பு மூடிக்கொண்டு சென்சாரைத் தூசியிலிருந்து காக்கும், அதனால் அவற்றில் லென்ஸ் மாற்றும் முன் ஆஃப் செய்வது இன்னும் முக்கியம். பையில் வைக்கும்போது ஆஃப் செய்யச் சொல்வதற்குக் காரணம் வேறு: ஏதாவது ஒன்று ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா தூங்கவே தூங்காது.

ராத்திரி ஆஃப் செய்து வைத்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், உங்கள் டி3500-இன் செட்டப் மெனுவில் ப்ளூடூத் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். ஆஃபில் இருக்கும்போதும் படங்களைப் போனுக்கு அனுப்பும் வசதி அங்கே ஆனில் இருக்கலாம். அதை நிறுத்திவிடுங்கள்.