சேலம், ஏற்காடு பக்கம் நடக்கும் கோடை இயற்கைப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பினால் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்வாளா?

நீங்கள் கேட்டிருப்பது: மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள், பறவை, செடி என்றால் ஆர்வம். இந்த விடுமுறையில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பலாமா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, நீங்களும் கூடப் போகலாமா?

தாராளமாக அனுப்புங்கள். நான் சேலத்தில் உயிரியல் ஆசிரியை. கோடையில் இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குத் துணையாகப் போய்வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நூறு பறவைகள், ஐம்பது மூலிகைகள்" என்று விளம்பரத்தில் அடுக்கியிருந்தால் நான் யோசிப்பேன். இரண்டு நாளில் பத்துப் பதினைந்து உயிர்களை "இது இன்னதுதான், இதனால்தான் சொல்கிறேன்" என்று காரணத்தோடு சொல்லப் பழகினாலே பெரிய விஷயம். கேட்ட பெயர் ஒரு வாரத்தில் மறந்துவிடும். தானே கண்டுபிடித்த காரணம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

சின்னான் குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். கருந்தலை, செதில் செதிலாகத் தெரியும் பழுப்பு உடம்பு, வாலுக்கு அடியில் சிவப்பு. இதைப் பார்த்துப் பழகிய பிள்ளையை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனதும் இன்னொரு சின்னான் நிறையக் கண்ணில் படும். அதற்கும் வாலடியில் சிவப்புதான். "வாலடி சிவப்பாக இருந்தால் சின்னான்" என்று மட்டும் படித்த பிள்ளை அங்கே இரண்டும் ஒன்றா வேறா என்று குழம்பிப் போகும். அப்போது நல்ல வழிகாட்டி பெயரைச் சொல்லமாட்டார். "கொண்டையைப் பார், வயிற்றைப் பார்" என்பார். மேலே இருப்பதற்குக் கொண்டை கூர்மையாக நிமிர்ந்து நிற்கும், வயிறு வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்புத் தீற்றல். அதுதான் சிவப்பு மீசைச் சின்னான். கோடையில் இளம் பறவைகளும் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு அந்தச் சிவப்பு மீசை வந்திருக்காது. ஆக, நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தானாகவே புரிந்துவிடும். மலைச்சரிவின் பாறைப் புதர்களில் கொண்டையே இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னானும் உண்டு. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் வேறு எங்கும் அதிகம் காண முடியாத பறவை அது. கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

நம் ஊரின் பெரிய வசதி இதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஒரே காலையில் அடிவார முள்காட்டையும் மேலே உள்ள சோலைத் துண்டுகளையும் பார்த்துவிடலாம். அதனால் முதல் நாள் கீழே, இரண்டாம் நாள் மேலே என்று வைத்திருக்கும் பயிற்சியைத் தேடுங்கள். கீழே என்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரி நல்ல இடம். ஊர் மக்கள் சேர்ந்து சீரமைத்து, நடுவே மண்திட்டுகள் எழுப்பி மரம் வளர்த்த ஏரி. நீர்க்காகம், முக்குளிப்பான், தாழைக்கோழி எல்லாம் ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். முதன்முதலாகத் தொலைநோக்கியைப் பிடிக்கும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் பறவைதான் சரி. மரத்தில் இருக்கிற குருவி ஒரு நொடிகூட உட்காராது.

செடிகள் விஷயத்தில் நான் எப்போதும் வெப்பாலையிலிருந்துதான் தொடங்குவேன். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறார்களே, அதே மரம். அடிவாரத்தில் நிறைய உண்டு, கோடையில் பூத்திருக்கும். இலைகள் ஒன்றுக்கு ஒன்று எதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும். ஆனால் குடசப்பாலைக்கும் இதே எதிரிலை, இதே பால், இதே வெள்ளைப் பூ. அப்படியென்றால் எப்படிப் பிரிப்பது? பூவை உள்ளங்கையில் வைத்து நடுவில் பார்க்க வேண்டும். வெப்பாலைப் பூவின் நடுவில் பிசிறு பிசிறாக ஒரு குஞ்சம் நிற்கும், குடசப்பாலையில் அது கிடையாது. காய் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டிலும் நீளக் காய்கள் சோடி சோடியாகத் தொங்கும், வெப்பாலையில் அந்தச் சோடி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், குடசப்பாலையில் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். பூதக்கண்ணாடி வழியாக அந்தக் குஞ்சத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! (பால் வரும் செடியைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

ஏற்காட்டில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும். அங்கே பச்சைப் பசேல் என்று தெரிவதில் பாதி அந்த மலைக்குச் சொந்தமில்லை. காப்பி 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், சாலையோரம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் "இயற்கை எழில்" என்று பொதுவாகப் பேசிக்கொண்டு போகிற பயிற்சியில் எனக்குத் திருப்தியே வராது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது, ஆர்க்கிட் வகைகளுக்குப் பேர்போனது. அங்கே குடுவைச்செடியைக் கண்டால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் செடி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பார்க்கட்டும். கூடவே, அது மேகாலயா மலைச் செடி, இங்கே வளர்க்கப்படுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சொந்த உயிர்கள் வேறு. 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த மலையிலிருந்து ஒரு மெல்லிய பல்லியை விவரித்தார், அதன் வாலடி ஆரஞ்சு நிறம். ஏற்காட்டின் பெயரையே தன் அறிவியல் பெயரில் வைத்திருக்கும் இன்னொரு பல்லியை அறிவியல் உலகம் விவரித்ததே 2000ஆம் ஆண்டில்தான். அது பகலில் நடமாடும். நம் வீட்டுப் பல்லியின் கண்மணி பகலில் செங்குத்துக் கோடாகத் தெரியும், இதன் கண்மணி வட்டமாக இருக்கும். பாறையிலோ அடிமரத்திலோ ஒரு பல்லியைப் பார்த்து, தொடாமல், அதன் கண்ணை மட்டும் கவனித்து "இது வேற பல்லி" என்று உங்கள் மகள் சொல்லிவிட்டால் கொடுத்த பணம் செரித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் அக்டோபரை ஒட்டி வந்து ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். மே மாதப் பயிற்சியில் அவற்றைக் காட்டுவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் பதிலாகக் குரல் கிடைக்கும். பல உள்ளூர்ப் பறவைகளுக்கு இது கூடு கட்டும் காலம், விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கீழே செம்மார்புக் குக்குறுவானின் "டொங்க் டொங்க்", மேலே சின்னக் குக்குறுவானின் "குட்ரூ குட்ரூ". கண்ணை மூடிக்கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

கூடு கட்டும் காலம் என்பதாலேயே ஒரு கண்டிப்பும் வேண்டும். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிறவர்கள், கூட்டுக்கு அருகே போய்ப் படம் எடுக்கவிடுகிறவர்கள், பாம்பைப் பிடித்துக் காட்டுகிறவர்கள் நடத்தும் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். பாம்பைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் படத்தில் காட்டிச் சொல்லித்தந்தாலே போதும்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில. காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? பன்னிரண்டுக்கு மேல் போனால் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. காலை ஆறு மணிக்கெல்லாம் தொடங்குகிறார்களா? ஒன்பதரைக்கு மேல் சேலம் வெயிலில் பறவையும் அடங்கிவிடும், பிள்ளையும் சோர்ந்துவிடும். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் காட்டுமாடு வரும், அதற்கு என்ன ஏற்பாடு? மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெரியவர் யாராவது கூட நடந்து வருகிறார் என்றால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். இலையைக் கசக்கி முகர்ந்து, பட்டையைக் கீறிப் பார்த்து மரம் சொல்லும் அந்த அறிவு எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கிடையாது.

தொலைநோக்கி வாங்க அவசரம் வேண்டாம், பெரும்பாலும் அங்கேயே தருவார்கள். பிறகு வாங்குவதானால் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 10 மடங்கு வாங்கினால் சின்னக் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். பறவை, செடிகளை அடையாளம் காட்டும் மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் செயலிகள் நல்லவைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதலில் நோட்டில் வரைந்து, "கொண்டை உண்டு, வயிறு வெள்ளை" என்று எழுதிய பிறகுதான் செல்பேசியைத் திறக்க வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

நீங்களும் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியம் போங்கள், ஆனால் வேறு குழுவில் நில்லுங்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பறவையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். மதியம் சாப்பிடும்போது இருவரும் நோட்டை மாற்றிப் படியுங்கள். மே மாதம் ஏற்காட்டில் சாயங்காலம் திடீர் மழை வரும், நோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துக்கொள்ளுங்கள்.