ஸ்கூட்டருக்கு எந்த பெல்ட்? சேலம், ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட் வாங்குவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இன்ஜின் பக்கம் முன்புல்லி, பின்சக்கரப் பக்கம் பின்புல்லி. இரண்டிலும் இரண்டிரண்டு தட்டு, அவற்றுக்கு நடுவில்தான் இந்த பெல்ட் ஓடும். சேலம் டவுனிலிருந்தும் ஏற்காட்டு எஸ்டேட் பக்கமிருந்தும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கூட்டர் பட்டறை வேலையில் இருப்பவன் என்பதால் கையில் பிரித்துப் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): அண்ணா, என் வண்டி 2012 ஆக்டிவா. ஸ்பேர்ஸ் கடையில் இரண்டு பெல்ட் எடுத்துக் காட்டினார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன, விலை மட்டும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு. எதை வாங்குவது?

பதில்: தம்பி, பெல்ட்டைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆக்டிவா என்பது ஒரே பெயர். ஆனால் 2009 வரை வந்த வண்டி 102 சிசி, அதற்கப்புறம் வந்தது 110 சிசி, 2020இல் வந்த 6ஜி மாடலில் இன்ஜினே புதுசு, ஆக்டிவா 125 தனி. "ஆக்டிவாவுக்கு ஒரு பெல்ட் கொடுங்க" என்று கேட்டால் கடைப் பையன் கைக்கு வந்ததை எடுத்து வைப்பான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் காட்டி, அந்த வண்டிக்கான பார்ட் நம்பரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஹோண்டாவில் டிரைவ் பெல்ட்டின் பார்ட் நம்பர் 23100 என்று தொடங்கும். எந்த மாடலுக்கானது என்று சொல்வது அதற்கு அடுத்து வரும் எழுத்துகள்தான். அவை மாறினால் பெல்ட் மாறிவிட்டது என்று அர்த்தம்.

வெளிக் கம்பெனி பெல்ட் சிலவற்றில் அளவையே அச்சடித்திருப்பார்கள். சீனத்து ஸ்கூட்டர்களில் பரவலாக இருக்கும் ஓர் அளவு 743-20-30. சுற்றளவு 743 மில்லிமீட்டர், மேல் அகலம் 20 மில்லிமீட்டர், இரு பக்கச் சரிவும் சேர்ந்த கோணம் 30 டிகிரி. இது உங்கள் வண்டி அளவு இல்லை, படிக்கும் முறைக்காகச் சொல்கிறேன். மூன்றுமே பொருந்த வேண்டும். நீளம் அதிகமானால் புல்லியில் தொய்வாக நின்று வழுக்கும். குறைந்தால் வண்டி நிற்கும்போதே பெல்ட் பின்புல்லிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும், எடுப்பு செத்துவிடும். கோணம் மாறினால் பக்கம் முழுக்கப் பதியாமல் ஓர் ஓரம் மட்டும் உரசித் தேயும்.

விலை விஷயம். வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல், இல்லாவிட்டால் பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் மாதிரி பெல்ட்டே தொழிலாக உள்ளவர்களின் சரக்கு. இந்த இரண்டில் எதுவும் சரி, அவர்கள் பட்டியலில் உங்கள் மாடலும் வருஷமும் இருந்தால். இந்தப் பெயர்களிலேயே டூப்ளிகேட்டும் வருகிறது. முதுகில் உள்ள எழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்து வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பக்கவாட்டில் நூல் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தாலும் வேண்டாம். பில் வாங்குங்கள். பில் தரத் தயங்கும் கடையில் பெல்ட் வாங்கவே கூடாது.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): அண்ணே, 125 சிசி ஸ்கூட்டர். மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் ஏற்றிக்கொண்டு தினமும் மேடுதான். டவுனில் சொல்கிற கிலோமீட்டரில் பாதிகூட பெல்ட் தாங்குவதில்லை. ரேஸ் வண்டிக்குப் போடும் கெவ்லர் பெல்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மலையில் இருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

மேடு ஏறும்போது முன்புல்லி அகலத் திறந்து, பெல்ட் அதன் அடியில், சின்ன வட்டத்தில் வளைந்து ஓடும். பின்புல்லியில் வெளி விளிம்பில் இருக்கும். ரப்பர் அதிகமாக மடங்குவதும், இழுவை முழுக்க ஒரு சின்ன இடத்தில் விழுவதும் அப்போதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவிலும் வேகம் குறைந்து, திரும்ப முறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. டவுன் வண்டி சிக்னலில் மட்டும் படும் பாட்டை உங்கள் வண்டி வழி முழுக்கப் படுகிறது. சூடு ஏறும், சூட்டில் ரப்பர் இறுகும், இறுகினால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. பாதி நாளில் போவதற்கு இதுவே போதும்.

கெவ்லர் என்ற பெயரில் மயங்க வேண்டாம். உள்ளே ஓடும் இழுவை நூல் அராமிட் வகை என்பதுதான் அதற்கு அர்த்தம். நல்ல பெல்ட் பலவற்றில் அது ஏற்கெனவே உண்டு. நூல் பலமாக இருந்தாலும் பக்க ரப்பர் புல்லியைப் பிடிக்காவிட்டால் என்ன பயன்? ரேஸ் சரக்கில் அகலமும் கோணமும் உங்கள் புல்லிக்குச் சரியாக வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கம்பெனி அளவு பெல்ட்டையே போடுங்கள்.

ஆனால் பெல்ட்டை மட்டும் மாற்றி அனுப்பும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். பெல்ட் அறையின் கவரைத் திறந்தால் கூடவே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. வேரியேட்டர் ரோலரை, அதாவது முன்புல்லித் தட்டை நகர்த்தும் சின்ன எடை உருளைகளை, விரலில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் முன்புல்லி சீராக நகராது, பெல்ட் ஒரே இடத்தில் நின்று அரைபடும். புல்லி முகத்தில் நகத்தை வைத்து நடுவிலிருந்து வெளியே இழுங்கள். வழியில் பள்ளம் தட்டினால் அந்தப் புல்லி எத்தனை பெல்ட் போட்டாலும் தின்னும். பின்புல்லி ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்காது. மூட்டை ஏற்றி மேடு ஏறும் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஸ்பிரிங்கைத்தான். மேட்டுக்காக ரோலர் எடையைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. இன்ஜின் சுற்று கூடும், எடுப்பு கிடைக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கம்பெனி எடை ரோலரைப் புதிதாகப் போட்டுப் பார்க்காமல் அந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

பெரும்பாலான 110, 125 சிசி வண்டிகளில் 20,000 முதல் 24,000 கிலோமீட்டருக்குள் பெல்ட் மாற்றச் சொல்வார்கள். சரியான கணக்கு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். மூட்டையோடு மலை ஏறும் வண்டிக்கு அந்தக் கணக்கில் பாதியிலேயே கவரைத் திறந்து அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி (செவ்வாப்பேட்டை): பெல்ட்டைப் பார்த்துவிட்டு மெக்கானிக் "இன்னும் ஓடும்" என்கிறார். நானே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அகலத்தை அளக்கச் சொல்லுங்கள் சார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிற தெருவில் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் கிடைக்காமல் போகாது. பெல்ட்டின் மேல் பக்க அகலத்தை நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக, புதிதில் இருந்ததைவிட 1 மில்லிமீட்டர் போல் குறைந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்புறம் பெல்ட்டை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வளைத்து, பல்லுக்குப் பல் இடையில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் முதலில் வரும், நேராகப் பிடித்துப் பார்த்தால் தெரியாது. வெடிப்பு இருந்தால் அகலம் சரியாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தப் பல் எதிலும் கோத்துக்கொள்வதற்காக இல்லை. பெல்ட் சுலபமாக வளையவும் சூடு ஆறவும்தான். பிடிப்பு முழுக்கப் பக்கச் சுவரில். அது வழவழவென்று மின்னினால் வழுக்கி எரிந்திருக்கிறது.

கேள்வி (கருப்பூர்): எங்கள் பக்கம் மேக்னசைட் தூசு. கவரைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இதற்கென்று தனி பெல்ட் உண்டா?

பதில்: தனி பெல்ட் கிடையாது. பெல்ட் அறைக்குள் காற்று போகும் வழியில் பல வண்டிகளில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். சர்வீஸில் இன்ஜின் ஏர் ஃபில்டரை மாற்றுவார்கள், இதை மறந்துவிடுவார்கள். கேட்டு வாங்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அறைக்குள் இருக்கும் தூசைப் பிரஷ்ஷால் தள்ளி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் அடிக்கக் கூடாது. கறுப்பாக, ஈரப்பிசுக்காக இருந்தால் அது ஊர்த் தூசு இல்லை, ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் புது பெல்ட் போடுவது வீண்.

கேள்வி (ஆத்தூர்): புது பெல்ட் போட்டதிலிருந்து வண்டி முன்புபோல் வேகம் எடுக்கவில்லை. முன்னே 80 போகும், இப்போது 65 தாண்டவில்லை. பெல்ட் தவறானதா?

பதில்: இருக்கலாம். உறுதி செய்ய ஒரு வழி சொல்கிறேன். கவரைத் திறந்து, முன்புல்லியின் உள்முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கவரை மூடி, ஆள் இல்லாத நேரான ரோட்டில் முழுத் திராட்டிலில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து திறந்து பாருங்கள். பெல்ட் எங்கே வரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்குக் கொஞ்சம் முன்பு வரை அழிந்திருந்தால் பெல்ட் முழுத் தூரம் ஏறுகிறது, கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். பாதி வழியிலேயே நின்றுவிட்டால் பெல்ட்டின் அகலமோ நீளமோ குறைவு, இல்லையென்றால் ரோலர் சிக்குகிறது. பின்புல்லியையும் பாருங்கள். வண்டி நிற்கும்போது சரியான புது பெல்ட் அதன் வெளி விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்திருக்கும். உள்ளே தாழ்ந்து கிடந்தால் அந்த பெல்ட் உங்கள் வண்டிக்கானது இல்லை. பில்லோடு கடைக்குப் போங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): அவசரத்துக்கு ஒரு பட்டறையில் புது பெல்ட் போட்டேன். சில நாளில் முன்புல்லி நட்டு கழன்று, ஷாஃப்ட் பல்லெல்லாம் போய்விட்டது. பெல்ட் மட்டமானதா?

பதில்: பெல்ட் மேல் பழி போட வேண்டாம், மாட்டிய முறைதான் தப்பு. பெல்ட் முன்புல்லியின் இரு தட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை முறுக்கியிருக்கிறார்கள். நட்டு இறுகியது மாதிரிதான் கைக்குத் தெரியும். ஆனால் அது ரப்பரை அழுத்திக்கொண்டு நிற்கிறது, ஷாஃப்ட்டின் மேல் உள்ளே இருக்கும் புஷ் என்ற இரும்புக் குழாயை அல்ல. வண்டி ஓடியதும் பெல்ட் நகர்ந்துவிடும், இறுக்கம் போய்விடும், தட்டு ஆடி ஷாஃப்ட் பல்லைத் தின்றுவிடும். பின்புல்லியைக் கையால் விரித்து பெல்ட்டை அதன் ஆழத்துக்குத் தள்ள வேண்டும். அப்போது முன்பக்கம் தொய்வு கிடைக்கும். அந்தத் தொய்வு இருக்கும்போது முன் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் பக்கம். கழற்றிய பெல்ட்டையே திரும்ப மாட்டினாலும் பழைய திசையிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): எக்ஸ்எல் 100க்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இதே பெல்ட்தானா?

பதில்: எக்ஸ்எல் 100 செயினில் ஓடுவது. எலக்ட்ரிக்கில், டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் சக்கரத்திலேயே இருக்கிறது, பெல்ட்டே இல்லை. ஏத்தர் 450 போன்றவற்றில் உள்ளது பல்லோடு பல் கோத்து ஓடும் வேறு வகை. இங்கே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நல்ல பெல்ட் இருந்தால் இன்ஜின் பிரேக் கிடைக்குமா? வீட்டுக்காரம்மா வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலே பிரேக் காய்கிறது.

பதில்: ஓரளவு கிடைக்கும் சார், பைக் அளவுக்குக் கிடையாது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் க்ளட்ச் விட்டுவிடும், வண்டி தானாக உருளும். அப்போது திராட்டிலை லேசாகத் தொட்டு விட்டால் மறுபடி பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். காய்ந்த வாசம் வந்தால் இடம் பார்த்து ஒதுங்கி ஆற விடுங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கூட ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி (கோரிமேடு): ஏற்காடு அடிக்கடி போவதால் ஒரு பெல்ட் ஸ்பேராக வாங்கி சீட்டுக்கு அடியில் வைக்கலாமா? நடுவழியில் அறுந்தால் என்ன செய்வது?

பதில்: சீட்டுக்கு அடியில் வேண்டாம். கீழே இன்ஜின் சூடு, பக்கத்தில் பெட்ரோல் டேங்க். மடக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் நூல் மடிப்பிலேயே ஒடியும். வீட்டில் வட்டமாக, வெயில் படாமல் வையுங்கள். மலை நடுவில் ரோட்டோரம் நின்று மாற்றுகிற வேலையும் இல்லை இது.

அறுந்தால் முதலில் ஒரு சத்தம் கேட்கும், இன்ஜின் உறுமும், வண்டி நகராது. உடனே அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். அறுந்த துண்டு பின்புல்லியில் சுற்றிக்கொண்டால் சக்கரம் திடீரென்று இறுகிவிடும். அதனால் இறக்கம்தானே என்று உருட்டிக்கொண்டு ஓட்டி வராதீர்கள். குட்டியானை பிடித்து ஏற்றி அனுப்புங்கள். பட்டறையில் புது பெல்ட் போடுவதற்கு முன் பழையதன் நூல் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதா என்று நின்று பாருங்கள். பின்புல்லி ஷாஃப்ட்டைச் சுற்றி, ஆயில் சீலை ஒட்டி, மெல்லிய நூல் சிக்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதை விட்டுவிட்டால் சீலை அறுத்துவிடும், கியர் ஆயில் கசிந்து புது பெல்ட்டையும் நனைத்துவிடும்.