கொரிய நிறச் சொற்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: கொரிய மொழிக்கென்று சொந்த நிறச் சொற்கள் எத்தனை?

அடிப்படை ஐந்து: வெள்ளை, கருப்பு, சிவப்பு, மஞ்சள், அப்புறம் பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் சொல்லும் ‘புருதா’. தீக்குக் கொரியச் சொல் ‘புல்’, அதிலிருந்து சிவப்பு. தரையில் முளைக்கும் புல்லுக்கு மூச்சை அழுத்திச் சொல்லும் ‘ப்ஹுல்’, அதிலிருந்து புருதா. சூரியனுக்கு ‘ஹே’, அதிலிருந்து வெள்ளை. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. உயிரெழுத்தை மாற்றினாலே சாயல் மாறிவிடும்: பளிச்சென்ற வானத்துக்கு ‘சேபாரதா’, அடிபட்டுக் கன்றிய தோலுக்கு ‘ஷிபொரொதா’.

கேள்வி: பச்சை சிக்னலை நீலம் என்கிறார்களாமே?

ஆமாம், ‘பாரான்புல்’, அதாவது நீல விளக்கு. பச்சைக்கு மட்டுமான ‘சோரோக்’ சீன எழுத்துவழி வந்த சொல்.

கேள்வி: சிவப்பு மையில் பெயர் எழுதினால் சாவு வருமா?

அப்படியொரு நம்பிக்கை உண்டு. எழுதாமல் இருங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: கொரியப் பாட்டுக் குழு பிடிஎஸ்ஸின் ரசிகை நான். ஊதாவைக் குறிக்கும் ‘போரா’ எங்கிருந்து வந்தது?

மங்கோலிய மொழியிலிருந்து. ‘போராமே’ என்பது வேட்டைக்குப் பழக்கிய இளம் வல்லூறு. மார்பு இறகின் நிறம்தான் ஊதாவுக்குப் பெயரானது. ‘உன்னை ஊதாக்கிறேன்’ என்பதுபோல் அன்பைச் சொல்லும் ‘போராஹே’ 2016இல் அந்தக் குழுவின் வி சொன்னது. அதற்குப் பழங்கால அர்த்தம் தேடாதீர்கள். இணையத்தில் சுற்றும் ‘நிறமும் குணமும்’ பட்டியல்களையும் நம்பாதீர்கள்.

கேள்வி: அவர்களுக்கும் புல், நமக்கும் புல்! தமிழிலிருந்து போனது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வரும் என்று தெரியும். மன்னர் செஜோங் 1446இல் கொரிய எழுத்தான ஹங்குலை வெளியிட்டார். அந்த நூற்றாண்டு நூல்களில் இந்தச் சொல்லில் உகரமே கிடையாது. ‘பாட்டு’ என்று முடிக்கும்போது உதடு குவியாமல் வருகிறதே, நம் குற்றியலுகரம், அந்த ஒலிதான் இருந்தது. தீயைக் குறிக்கும் சொல்லிலும் அதுவே. உதட்டொலிக்குப் பின்னால் அது குவிந்து உகரமானது பிற்பாடு. நீங்கள் ஒப்பிடுவது இன்றைய உருவத்தை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய, திராவிட இலக்கணங்களை ஒப்பிட்டு நூல் எழுதினார். வினை கடைசியில் வருவது, ஒட்டு மேல் ஒட்டு சேர்வது எல்லாம் ஒத்துப்போகும்தான்; ஜப்பானியமும் துருக்கியும்கூட அப்படித்தானே? உறவு என்றால் ஒலிக்கு ஒலி விதியாகப் பொருந்த வேண்டும். அது இதுவரை நிறுவப்படவில்லை.

அவரே: கொரியனிலும் கிட்டத்தட்ட அம்மா, அப்பாதானே?

குழந்தை வாயில் முதலில் வருவது உதட்டொலி. உலகம் பூராவும் இதே கதை.

இன்னொருவர்: அயூதா நாட்டிலிருந்து கொரியா போய் ராணியானாளே, அந்த இளவரசி?

13ஆம் நூற்றாண்டுக் கொரியப் பழங்கதைத் தொகுப்பு ‘சம்குக் யூசா’ சொல்லும் கதை. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஐந்து நிறம், ஐந்து திசை?

அதற்குப் பெயர் ஓபாங்செக். கிழக்கு நீலம், தெற்கு சிவப்பு, நடு மஞ்சள், மேற்கு வெள்ளை, வடக்கு கருப்பு. சீன ஐம்பூதக் கணக்கு. சிவப்பு பேயை விரட்டும் என்றுதான் குளிர்காலத்தின் மிக நீண்ட இரவான தோங்ஜியன்று செம்பயறுக் கஞ்சி காய்ச்சி வாசலிலும் தெளித்தார்கள். குழந்தையின் ஹன்போக் என்ற மரபு உடையின் கைப்பகுதியில் வரிவரியாக வரும் ‘செக்தோங்’கும் தீங்கு அண்டாமலிருக்கத்தான்.

கேள்வி: ஹன்போக் எங்கே மலிவு?

கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: பொய்க்கும் நிறமுண்டா?

உண்டு. நமக்குப் பச்சைப் பொய், அவர்களுக்குச் செக்கச்சிவந்த பொய்: ‘சேபல்கான் கொஜின்மல்’.

கேள்வி: சிவப்பு மை ஆபத்தா?

மேலே படியுங்கள்.

கேள்வி: அப்பா, அம்மா இரண்டும் தமிழ்தானே சார்?

மேலே!