பினாங்கின் ஈரக்காற்றும் தண்ணீரால் குளிரும் கணினியும்: கேள்வி பதில்

ஜெலுத்தோங் அன்பர்: ஐயா, தண்ணீரால் குளிரூட்டும் கணினி ஒன்றை வாங்க நினைக்கிறேன். நம் ஊரில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறதே, உள்ளே நீர் கோத்துக்கொள்ளாதா?

கோத்துக்கொள்ளாது, தயங்காமல் வாங்குங்கள். தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டரின் ஊடே வீசுவது உங்கள் அறைக் காற்றுதான் என்பதால், எத்தனை மின்விசிறிகளைப் பூட்டினாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும் பொருளின்மீது நீர்த்துளி படியவும் படியாது.

ஆயர் ஈத்தாம் அன்பர்: அப்படியானால் எப்போது படியும்? ஈரப்பதமானியில் எந்த எண்ணைக் கண்டால் கவலைப்பட வேண்டும்?

ஈரப்பத விழுக்காட்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாம் அறிய வேண்டியது பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஆவி நீராக மாறுமோ அந்த வெப்பநிலை. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடங்களில் இதை மனக்கணக்காகவே போடலாம்: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, வருவதை ஐந்தால் வகுத்து, அதைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

விடியற்காலையில் 25 டிகிரியும் 95 விழுக்காடும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 24. பிற்பகலில் 32 டிகிரியும் 65 விழுக்காடும் இருந்தால் கணக்குப்படி 25. விழுக்காடு முப்பது குறைந்தபோதும் பனிநிலை ஏறக்குறைய அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். பிற்பகலில் காற்று உலர்ந்துவிட்டது என்று நாம் எண்ணுவது தவறு. சூடேறியதால் விழுக்காடு குறைந்ததே தவிர, காற்றிலுள்ள நீர் எங்கும் போய்விடவில்லை. ஆகவே நம் வெளிக்காற்றுக்கு 25 டிகிரி என்ற ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதைவிடக் குளிர்ந்த எதன்மீதும் அந்தக் காற்று நீராகப் படியும்.

தஞ்சோங் பூங்கா மாணவர்: அண்ணா, இரவு முழுவதும் ஏர்கோனை 18இல் வைத்துத் தூங்கினேன். காலையில் ஏர்கோனை அணைத்துச் சன்னலைத் திறந்தேன். சற்று நேரத்தில், அணைத்து வைத்திருந்த கணினியின் தண்ணீர்த் தொட்டியிலும் உலோக இணைப்புகளிலும் துளிகள் நின்றன. குழாய் கசிகிறதா?

தம்பி, நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் அது கசிவு அன்று. கசிவானால் ஒரே இணைப்பின் அடியில்தான் துளி தொங்கும். வெள்ளைக் காகிதத்தால் ஒற்றினால் கூலன்ட்டின், அதாவது குழாய்களில் ஓடும் குளிரூட்டும் நீரின், நிறம் ஒட்டும், நிறமில்லாத கூலன்ட்டானாலும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்திருந்தால் விரலில் வழவழப்புத் தெரியும். காற்றிலிருந்து படிந்த நீரோ குளிர்ந்த பரப்பு முழுவதும் பூத்தாற்போல் இருக்கும். துடைத்தால் வெறும் தண்ணீர்தான்.

நடந்தது இதுதான். இரவெல்லாம் உங்கள் கணினி இருபது டிகிரியை ஒட்டிக் குளிர்ந்து கிடந்தது. சன்னல் வழியே புகுந்த காற்றின் பனிநிலையோ 24. கணினிப் பெட்டியின் மெல்லிய தகடு சில நிமிடங்களில் சூடேறிவிடும். ஆனால் தண்ணீர் வெப்பத்தை மெதுவாகவே ஏற்பதால், ஒரு லிட்டர் கூலன்ட் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் செம்பையும் பித்தளையையும் குளிரவைக்கிறது. நீர்க்குளிர் கணினி நம் ஊரில் நனையும் வழி பெரும்பாலும் இதுவே என்பது என் கருத்து.

இனி ஏர்கோனை 24க்குக் குறையாமல் வையுங்கள். அணைத்தபின் ஒரு மணி நேரமாவது சன்னலைத் திறக்க வேண்டாம். துளி கண்டால், அது முற்றிலும் காய்ந்து, தொட்டுப் பார்க்கும்போது தொட்டியின் குளிர்ச்சி போகும்வரை கணினியை இயக்கவே கூடாது.

பிறை அன்பர்: பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்தால் பயனுண்டா?

இல்லை. மின்விசிறிகள் இடைவிடாமல் புதுக்காற்றை இழுக்கும் பெட்டியில் அவை விரைவிலேயே நிறைந்துவிடும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வைத்துத் தண்ணீரை 15 டிகிரிக்கு இறக்கிச் செயலியை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, விரும்புகிறேன். எப்படிப் பாதுகாப்பது?

முதலில் அறையைச் சீராக்குங்கள். 24 டிகிரி, 55 விழுக்காடு என்ற நிலையில் மூடிய அறையின் பனிநிலை மனக்கணக்குப்படி 15, துல்லியமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 14.5. அதில் 15 டிகிரித் தண்ணீர் மயிரிழையில்தான் தப்பிக்கும். கதவு ஒருமுறை திறந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். தண்ணீரை 18 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். 2020இல் இன்டெல் கொண்டுவந்த கிரையோ குளிரூட்டும் முறையும், மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகட்டைப் பயன்படுத்தியபோதும், ஈரப்பதத்தை உணர்ந்து பனிநிலைக்கு மேலேயே நிற்குமாறுதான் அமைக்கப்பட்டது.

அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் குளிரும் பாகங்களைக் காற்றுப் படாமல் மூடுவதைத் தவிர வழியில்லை. ஏர்கோன் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் நுரையே ஏற்றது. அதன் துளைகள் ஒன்றோடொன்று இணையாதவை என்பதால் ஆவி ஊடுருவாது. சாதாரணப் பஞ்சு நுரையோ நீரைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பெல்டியர் தகட்டை முதன்முதலில் பூட்டியபோது நான் செயலியைச் சுற்றி மட்டும் கவனமாக மூடினேன். இரண்டு மணி நேரத்தில் திரை இருண்டது. கழற்றிப் பார்த்தால், மதர்போர்டின், அதாவது கணினியின் முதன்மைப் பலகையின், பின்பக்கத்தில், செயலி அமரும் சாக்கெட்டுக்கு நேர் பின்னால், கடுகுமணி அளவில் துளிகள் வரிசையாக நின்றன. குளிர் செயலியின் கால்கள் வழியாகவும் பலகைக்குள் இருக்கும் செம்புப் படலங்கள் வழியாகவும் பின்பக்கம் வரை பரவும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே பின்பக்கத்தையும் மூடுங்கள். சாக்கெட்டைச் சுற்றியுள்ள பாகங்களுக்கு மின்கடத்தா வார்னிஷ் பூசுங்கள். நுரைக்கும் பலகைக்கும் இடையில் காற்றுப் பை விடாதீர்கள். தண்ணீர்க் குழாய்களையும் மறக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் அன்பர்: ஐயா, என் மகனின் கணினி ஏற்கெனவே நனைந்து நின்றுவிட்டது. காப்பாற்ற முடியுமா?

அம்மா, பெரும்பாலும் முடியும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சில நொடிகள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரியையும் கழற்றுங்கள். ஈரத்தோடு அது இருந்தால் அரிப்புத் தொடரும். பிறகு பெட்டியைத் திறந்தபடி ஏர்கோன் அறையில், சாதாரண மின்விசிறியின் எதிரில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைப்பதும் முடி உலர்த்தியால் சூடேற்றுவதும் வேண்டாம். காய்ந்தபின் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, அதுவும் முற்றிலும் உலர்ந்த பிறகே மின் கொடுக்கச் சொல்லுங்கள்.