எல்லையோர வாசகர் கேள்வி - பதில்

கே: இரண்டாம் உலகப் போரில் கார்வெட் எனும் சிறு காவல் கப்பல்களில் சூடான சாப்பாடே அபூர்வமாமே, ஏன்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: கப்பலின் அமைப்புதான் காரணம். பிரிட்டனின் 'ஃப்ளவர்' வகைக் கார்வெட், திமிங்கில வேட்டைக் கப்பலை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. நீளம் 62.5 மீட்டர், எடை 925 டன். கரையோரக் காவலுக்கென்று கட்டியதை நடு அட்லாண்டிக்குக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்கும், எளிதில் மூழ்காது. உள்ளே இருப்பவர்கள்தான் பாவம்.

அடுப்படி பின்பக்கம். மாலுமிகள் உண்பதும் உறங்குவதும் முன்பக்கம். இடையில் தாழ்ந்த திறந்தவெளித் தளம். ஒரு கையில் பாத்திரம், மறு கையில் பிடிகயிறு என்று வர வேண்டும். ஓர் அலை ஏறினால் குழம்பில் உப்புத் தண்ணீர். தப்பி வந்தாலும் ஆறிப்போயிருக்கும். ஆட்டத்தில் சிந்துமென்று பாத்திரத்தைப் பாதிதான் நிரப்புவார்கள். புயல் வலுத்தால் அடுப்பையே அணைத்துவிடுவார்கள். சில நாளில் ரொட்டி பூசணம் பிடிக்கும்; அப்புறம் கெட்டி பிஸ்கட்டும் டின் மாட்டிறைச்சியும்தான்.

ரேடாரும் கூடுதல் ஆயுதங்களும் வர, ஆட்கள் 85 பேர் வரை பெருகினார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலேயே தொங்கு படுக்கை, நனைந்த துணி காய இடமில்லை. 4 மணி நேரக் காவல், 4 மணி நேர ஓய்வு. அபாய மணி அடித்தால் ஓய்வும் போச்சு. பிறகு முன்தளத்தைப் பின்னோக்கி நீட்டிக் கட்டினார்கள். அந்த ஒரு மாற்றம் மாலுமிகளுக்குச் செய்த பேருதவி என்பேன்.

கே: டெப்த் சார்ஜ், போட்ட கப்பலையே சேதப்படுத்துமா?
- வாசகர், நகரி

ப: படுத்தும். நீர்மூழ்கிக் கப்பலை அழிக்கக் கடலில் போடும் குண்டு அது; பீப்பாய்க்குள் சுமார் 130 கிலோ வெடிமருந்து. குறித்த ஆழத்தில் நீரழுத்தம் விசையைத் தள்ள, வெடிக்கும். 50 அடிக்கு வைத்தால் 5, 6 விநாடிதான் அவகாசம். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் ஓடினால் அதற்குள் 40 மீட்டர் போகலாம். மெதுவாகப் போனால் பின்பக்கத் தகடு நெளியும், குழாய் இணைப்புகள் கசியும்.

இன்னொரு சிக்கல், எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியான ஆஸ்டிக். இலக்கை நெருங்கியதும் நீர்மூழ்கி அதன் ஒலிக்கற்றைக்குக் கீழே போய்விடும். கடைசி விநாடிகளில் கணக்கை நம்பித்தான் போடணும். அதற்குள் அது திரும்பினால் குண்டு வீண். வெடித்துக் கலங்கிய நீரிலும் சிறிது நேரம் எதிரொலி தெளிவாகக் கேட்காது.

கே: இந்தியக் கப்பல் ஏதும் இப்படிப் போரிட்டதா?
- வாசகர், குப்பம்

ப: ராயல் இந்தியக் கடற்படையின் சிறு கப்பலான 'பெங்கால்', 1942 நவம்பர் 11 அன்று டச்சு எண்ணெய்க் கப்பல் 'ஒண்டினா'வுடன் இந்துமாக் கடலில் போகையில், பெரிய பீரங்கிகள் கொண்ட இரு ஜப்பானியக் கப்பல்கள் தாக்கின. அவற்றில் ஒன்றான 'ஹோகோகு மாரு' தீப்பற்றி மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் துறைமுகம் சேர்ந்தன.