கதவு திறக்கிறது, வண்டி கிளம்பவில்லை: சாவி வெட்டியவர் மேல் தப்பில்லை

வணக்கம் சார். பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் கார் சாவி தொலைந்தது, காரைக்குடியில் வெட்டிய சாவியில் கதவு திறக்கிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது, பேட்டரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃபே ஒழுங்காகச் சுற்றாது. இது இம்மொபிலைசர், அதாவது பதிவான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத திருட்டுத் தடுப்பின் வேலை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா, பாருங்கள்.

நம்ம பக்கத்துப் பழைய வீட்டுச் சாவிக்குப் பல் பொருந்தினால் போதும். கார் சாவிக்குப் பல் பாதி வேலைதான் செய்யும். பிடிக்குள் அரிசி மணி போலச் சின்னச் சிப் ஒன்று இருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரம் கொடுத்து எண்ணைப் படிக்கிறது. அந்த எண் பதிவில் இல்லாவிட்டால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்ஜினை ஓடவிடாது. கதவைத் திறக்கிற ரிமோட் பட்டன் வேறு சமாச்சாரம்.

முதலில் வீட்டில் இரண்டாவது சாவியைத் தேடுங்கள். வண்டி வாங்கியபோது கொடுத்த, சாவி எண் பொறித்த தகட்டையும் எடுத்து வையுங்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, ஆர்சி, ஆதாருடன் ஷோரூம் போங்கள். இன்சூரன்ஸில் சாவிக்குத் தனிக் கவர் இருந்தால் அந்த ரசீது கேட்பார்கள்.

புதுச் சாவியைப் பதியும்போது தொலைந்த சாவியின் எண்ணைப் பதிவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். இருக்கிற சாவியையும் கூடவே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதன் பதிவும் சேர்ந்து அழிந்துவிடலாம். அப்புறம், அழித்த பிறகும் தொலைந்த சாவி கதவைத் திறக்கும். பூட்டை மாற்றும்வரை வண்டிக்குள் லேப்டாப், பணம் எதுவும் வைக்காதீர்கள்.